நிலத்துல பேர் யாருது? – வாசகர் கேள்வி பதில்

விவசாயம் செய்யற பெண்களுக்கு நிலத்துல என்ன உரிமை இருக்கு, எங்க அது கை நழுவுதுன்னு கேட்டு வந்த கடிதங்களை இந்த வாரம் மொத்தமா எடுத்துக்கிட்டேன். ஒரே மாதிரி கேட்டிருந்ததை சேர்த்துட்டேன், பேர் போட வேணாம்னு நிறைய பேர் சொன்னதால யார் பேரும் போடல.

கேள்வி: அக்கா, நடவுலேர்ந்து களை, அறுப்பு, தூத்தறது வரைக்கும் பெண்கள் இல்லாம வயல் இல்ல. ஆனா பட்டாவ எடுத்துப் பாத்தா அப்பா பேரு, இல்லன்னா அண்ணன் பேரு, இல்லன்னா புருஷன் பேரு. நம்ம நாட்டுல மட்டும் தான் இப்படியா?

பதில்: இல்லம்மா, பெரும்பாலான வளரும் நாடுகள்ல இதே தான். ஐ.நா.வோட உணவு விவசாய அமைப்பு 2011ல வெளியிட்ட அறிக்கைல, வளரும் நாடுகள்ல விவசாயத்துல உழைக்கறவங்கள்ல சராசரியா 43 சதவீதம் பெண்கள்னு சொன்னாங்க. அப்புறம் இந்தியாவோட 2015-16 விவசாயக் கணக்கெடுப்ப பாருங்க, பெண்கள் பொறுப்புல சாகுபடி நடக்கற நிலங்கள் எண்ணிக்கைல சுமார் 14 சதவீதம், பரப்பளவா பாத்தா 12 சதவீதத்துக்கும் கம்மி. அதாவது அவங்க கைல இருக்கறதும் சின்னச் சின்ன துண்டு தான்.

ஏன் இப்படின்னா, நிலம் ஒருத்தர் கைக்கு வர்ற வழியே நாலு தான். பரம்பரையா வரும், கல்யாணத்தால வரும், அரசாங்கம் குடுக்கும், இல்லன்னா காசு குடுத்து வாங்கணும். பொண்ணு வேற வீட்டுக்குப் போறவன்னு பரம்பரை வழிய அடைச்சுட்டாங்க. போன வீட்டுல "நீ வந்தவ தானே"ன்னு அந்த வழியும் போச்சு. காசு விஷயம் உங்களுக்கே தெரியும். மிச்சம் இருந்தது அரசாங்கம், அங்கயாவது நியாயம் கெடைச்சிருக்கணும் இல்லையா, அங்க தான் எனக்கு மனசு ரொம்ப கஷ்டமா இருக்கும். ஏன்னா பாரம்பரியம்னு சொல்லி தட்டிக் கழிக்க அங்க எதுவும் இல்ல, அது ஆபீஸ்ல உக்காந்து ஒருத்தர் அடிச்ச படிவம். பெரு, சிலி, ஹோண்டுராஸ் மாதிரி லத்தீன் அமெரிக்க நாடுகள்ல நிலச் சீர்திருத்தம் வந்தப்ப பெரிய பண்ணைகள உடைச்சு ஏழைங்களுக்குக் குடுத்தாங்க, நல்ல காரியம் தான், ஆனா "குடும்பத் தலைவர்"னு ஒரு கட்டம் போட்டு அதுல ஒரு பேர் கேட்டாங்க, அந்த ஒரு பேர் யாரோடதா இருந்திருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. வியட்நாம்ல 1993 சட்டத்துக்கு அப்புறம் குடுத்த சான்றிதழ்ல ஒரு பேருக்குத் தான் இடமே இருந்துச்சு. 2003 நிலச் சட்டம் வந்து தான் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேரும் எழுதணும்னு ஆச்சு. பங்களாதேஷ்ல 1997ல வந்த அரசு நில விநியோகக் கொள்கைல, புருஷன இழந்த பெண் நிலம் கேக்கலாம், ஆனா உழைக்கத் தெம்புள்ள மகன் இருக்கணும்னு வெச்சிருந்தாங்க. மகள் மட்டும் இருக்கறவ என்ன பண்ணுவா?

கேள்வி: நான் ஒரு விவசாயி. யார் பேர்ல இருந்தா என்னங்க, வெளையறத எல்லாரும் சேர்ந்து தானே சாப்பிடறோம்? தேவையில்லாம வீட்டுக்குள்ள நீயா நானான்னு கொண்டு வர்றீங்களோன்னு தோணுது. தப்பா கேட்டிருந்தா மன்னிக்கணும்.

பதில்: தப்பே இல்லங்க, மனசுல இருக்கறத கேட்டிருக்கீங்க. நிறைய பேர் இதே நினைப்புல தான் இருக்காங்க, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

மேற்கு ஆப்பிரிக்கால புர்கினா ஃபாசோன்னு ஒரு நாடு. அங்க ஒரே குடும்பத்துக்குள்ள புருஷனுக்குத் தனி வயல், பொண்டாட்டிக்குத் தனி வயல் இருக்கும். கிறிஸ்டோபர் உட்ரின்னு ஒரு பொருளாதார ஆய்வாளர் 1980கள்ல எடுத்த விவரத்த வெச்சு 1996ல ஒரு ஆய்வு வெளியிட்டார். ஒரே வீடு, ஒரே பயிர், ஒரே வருஷம், அப்படி ஒப்பிட்டுப் பாத்தா பெண் வயல்ல விளைச்சல் சுமார் 30 சதவீதம் கம்மி. அவங்க சோம்பேறிங்களா, விவசாயம் தெரியாதா? ரெண்டும் கிடையாது. வீட்டுல இருக்கற எரு கிட்டத்தட்ட முழுக்க ஆம்பளை வயலுக்குப் போகுது, கூட வேலைக்கு வர்ற ஆளும் பிள்ளைங்களும் அங்க தான் போறாங்க. இருக்கற எருவையும் ஆளையும் ரெண்டு வயலுக்கும் சரியா பிரிச்சுப் போட்டிருந்தா மொத்தமா சுமார் 6 சதவீதம் கூட வெளைஞ்சிருக்கும்னு அவர் கணக்கு போட்டார். நீங்க சொல்றீங்களே எல்லாரும் சேர்ந்து தானே சாப்பிடறோம்னு, அந்த சேர்ந்து சாப்பிடற சோத்துலயே நஷ்டம் வருது பாருங்க.

இன்னொண்ணு கானா. அக்வாபிம்னு ஒரு பகுதி, மக்காச்சோளமும் மரவள்ளியும் கலந்து போடுவாங்க. அங்க உரம் வாங்கிப் போடறத விட, நிலத்த சில வருஷம் தரிசா விட்டு ஆறப் போட்டா தான் மண்ணு சத்து ஏறும். ஆனா நிலம் குலத்தோடது, குலத்துப் பெரியவங்க பிரிச்சுக் குடுக்கறது. ஒரு துண்ட நீங்க சும்மா போட்டு வெச்சா "உனக்குத் தான் தேவையில்லையே"ன்னு இன்னொருத்தருக்குப் போயிடலாம். ஊர்ல பதவி, செல்வாக்கு இருக்கறவர் பயப்படாம தரிசா விடுவார், அவர் நிலத்துல யார் கை வைப்பா? அந்த பலம் இல்லாத பெண் வருஷா வருஷம் எதையாவது விதைச்சுக்கிட்டே இருப்பா, நிலம் கைய விட்டுப் போயிடக் கூடாதுன்னு. மண்ணு செத்துக்கிட்டே வரும். இதே உட்ரியும் மார்கஸ் கோல்ட்ஸ்டைனும் 2008ல வெளியிட்ட ஆய்வு இத தான் காட்டுச்சு, பெண்களோட வயல்ல வருமானம் கொறஞ்சதுக்கு காரணம் இந்த தரிசு விட முடியாத பயம் தான். உரிமை உறுதியா இல்லன்னா மண்ணுக்கே கேடுன்னு இத விடத் தெளிவா எனக்கு சொல்லத் தெரியல.

கடைசியா ஒண்ணு, இது வெளைச்சல் பத்தினது இல்ல. பிரதீப் பாண்டாவும் பினா அகர்வாலும் திருவனந்தபுரம் மாவட்டத்துல பெண்கள் கிட்ட பேசி 2005ல வெளியிட்ட ஆய்வு. தன் பேர்ல நிலமும் இல்ல வீடும் இல்லங்கற பெண்கள்ல 49 சதவீதம் பேர் வீட்டுக்குள்ள தொடர்ந்து அடி வாங்கிருக்காங்க. நிலம் இருந்தவங்கள்ல அது 18 சதவீதம், வீடு இருந்தவங்கள்ல 10, ரெண்டும் இருந்தவங்கள்ல 7. போறதுக்கு ஒரு இடம் இருக்குங்கறது அடிக்கற கையையும் யோசிக்க வைக்குது, வாங்கறவளையும் எழுந்து நிக்க வைக்குது. உங்க வீட்டுல அப்படி எதுவும் இல்லன்னு நம்பறேன், ஆனா பேர் எழுதறது சண்டை நடக்கற வீட்டுக்கு மட்டும் இல்லங்க. நல்லா இருக்கறப்ப எழுதினா அது பாசம், சண்டை வந்தப்புறம் எழுதச் சொன்னா அது கேஸ்.

கேள்வி: என் தங்கச்சி புருஷன் போய் ஒரு வருஷம் கூட ஆகல, மச்சினருங்க நிலத்த கேக்கறாங்க. மத்த நாட்டுலயெல்லாம் இதுக்கு கோர்ட்டு என்ன சொல்லிருக்கு? படிச்சா அவளுக்கு கொஞ்சம் தைரியம் வரும்.

பதில்: உங்க தங்கச்சிக்கு முதல்ல என் அன்பு சொல்லுங்க. எந்தக் காகிதத்துலயும் இப்போதைக்கு கையெழுத்து போட வேணாம்னு சொல்லுங்க, துக்க வீட்டுல நீட்டற காகிதத்த யாரும் படிச்சுப் பாக்கறதில்ல. பக்கத்துல இருக்கற இலவச சட்ட உதவி மையத்துக்கு இந்த வாரமே கூட்டிட்டுப் போங்க.

கோர்ட்டு கதைன்னா எனக்கு ரொம்பப் பிடிச்சது ரெண்டு இருக்கு. தான்சானியால ஹாயா இன வழக்கப்படி, குல நிலத்த பெண் அனுபவிக்கலாம், விக்க முடியாது. ஹோலாரியா பாஸ்டோரிங்கற வயசான அம்மாவுக்கு அப்பா உயில் மூலமா நிலம் வந்துச்சு, அவங்க அத குலத்துக்கு வெளில ஒருத்தருக்கு வித்துட்டாங்க. அவங்க குடும்பத்துலயே ஒரு பையன், கூடப் பொறந்தவங்க பிள்ளை முறை, விற்பனை செல்லாதுன்னு கேஸ் போட்டான். கீழ்க் கோர்ட்டு செல்லாதுன்னுச்சு. 1990ல உயர் நீதிமன்றத்துல நீதிபதி ம்வாலுசான்யா, அரசியலமைப்புல ஆணும் பெண்ணும் சமம்னு எழுதியாச்சு, அதுக்கு மாறா இருக்கற வழக்கம் இனிமே செல்லாது, ஆம்பளைக்கு என்ன விதியோ அதே விதி தான் பெண்ணுக்கும்னு தீர்ப்பு சொன்னார். 1999ல வந்த அந்நாட்டு நிலச் சட்டங்கள் பெண்ணுக்கு சம உரிமைன்னு நேரடியா எழுதினதுக்கு முன்னாடியே இந்தத் தீர்ப்பு வந்துருச்சு.

இன்னொண்ணு போட்ஸ்வானா. எடித் ம்முசியும் அவங்க சகோதரிகளும், மொத்தம் நாலு பேர், எல்லாம் வயசான அம்மாக்கள், எடித்துக்கு 80 தாண்டிருச்சு. குடும்ப வீட்ட அவங்க தான் பராமரிச்சாங்க, ஆனா வழக்கப்படி வீடு கடைசி மகனுக்குத் தான் போகும்னு உறவுக்காரப் பையன் ஒருத்தர் உரிமை கேட்டார். 2012ல உயர் நீதிமன்றம் சகோதரிகளுக்கு சாதகமா சொல்லுச்சு, 2013ல மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி பண்ணுச்சு. 80 வயசுல கோர்ட்டு படி ஏறி தனக்கு மட்டுமில்லாம மொத்த நாட்டுப் பெண்களுக்கும் வழி திறந்து விட்டாங்க.

கென்யா கதையும் சொல்லிடறேன், இதுல இருக்கற சூட்சுமம் உங்க தங்கச்சிக்கும் உதவும். அங்க 1981ல நடைமுறைக்கு வந்த வாரிசுச் சட்டம் மனைவிக்கு ஆயுள் வரைக்கும் அனுபவிக்கற உரிமைய குடுத்துச்சு, ஆனா மறுமணம் பண்ணிக்கிட்டா அது முடிஞ்சுடும்னு எழுதிருந்தாங்க. பொண்டாட்டிய இழந்த ஆம்பளைக்கு அந்த நிபந்தனை கிடையாது. அதாவது நிலம் அவளுக்குக் குடுத்தது கிடையாது, செத்துப் போனவரோட பொண்டாட்டியா இருக்கற வரைக்கும் இரவல். அதனால எந்த நாடா இருந்தாலும், தனக்கு இருக்கறது முழு உரிமையா இல்ல ஆயுள் அனுபவமான்னு முதல்ல தெரிஞ்சுக்கணும். வக்கீல் கிட்ட இந்தக் கேள்வியத் தான் முதல்ல கேக்கச் சொல்லுங்க.

கேள்வி: கூட்டுப் பட்டா நல்லதா, தனிப் பட்டா நல்லதா? எங்க மகளிர் குழுவுல இதுக்கு பெரிய வாக்குவாதமே நடந்துச்சு.

பதில்: நல்ல வாக்குவாதம் தான் நடத்திருக்கீங்க, தொடர்ந்து நடத்துங்க. ஒண்ணுமே இல்லாததுக்கு கூட்டுப் பட்டா எவ்வளவோ மேல். எத்தியோப்பியால நிலம் அரசாங்கத்தோடது, விவசாயிக்கு உழுது அனுபவிக்கற உரிமை மட்டும், விக்க முடியாது. 1990கள் கடைசில டிக்ரே பகுதில சான்றிதழ் குடுக்க ஆரம்பிச்சப்ப குடும்பத் தலைவர் பேர்ல மட்டும் குடுத்தாங்க. பின்னாடி அம்ஹாரா, ஒரோமியா மாதிரி பகுதிகள்ல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேரும் போட்டாங்க, அம்ஹாரால ரெண்டு பேர் போட்டோவும் ஒட்டினாங்க. அந்த போட்டோ சாதாரண விஷயமில்லங்க. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு எழுத்து என்ன சொல்லுதுன்னு புரியாது, தன் முகம் அதுல இருக்கறது புரியும். அவ முகம் ஒட்டின காகிதத்த காட்டி அவளுக்குத் தெரியாம குத்தகைக்கு விடறதும் லேசு இல்ல. பெரிய செலவும் ஆகல, பெரிய கருவி எதுவும் இல்லாம கிராமத்து ஆட்கள வெச்சே சில வருஷத்துல சுமார் 2 கோடி நிலத் துண்டுகள பதிஞ்சு முடிச்சாங்க.

ஆனா கூட்டுப் பட்டால ஒரு ஓட்டை இருக்கு, ருவாண்டால அது வெளிச்சத்துக்கு வந்துச்சு. 1994 இனப்படுகொலைக்கு அப்புறம் அங்க எத்தனையோ வீட்டுல பெண்கள் தான் மிச்சம், புருஷன் இல்ல, அண்ணன் தம்பி இல்ல, ஆனா வழக்கப்படி அவங்க நிலத்துக்கு வாரிசும் இல்ல. 1999ல மகனுக்கும் மகளுக்கும் சம பங்குன்னு சட்டம் கொண்டு வந்தாங்க. அதுக்கப்புறம் சில வருஷத்துல நாடு முழுக்க 1 கோடிக்கும் மேல நிலத் துண்டுகள அளந்து பதிவு பண்ணாங்க, 2013 வாக்குல பெரும்பாலும் முடிஞ்சுது. பதிவு ஆன இடத்துல மண் அரிப்பத் தடுக்க வரப்பு, படிக்கட்டு நிலம்னு வேலை செய்யறது கூடுச்சு, அதுலயும் பெண் தலைமை வகிக்கற குடும்பங்கள்ல ரொம்பவே கூடுச்சு. இதெல்லாம் சந்தோஷம். ஆனா முன்னோட்டமா செஞ்சு பாத்த ஊர்கள்ல, சட்டப்படி பதிவு பண்ணாத கல்யாணத்துல இருந்த பெண்கள் பேர் விட்டுப் போச்சு. ஒண்ணா வாழ்ந்து, பிள்ளை பெத்து, அதே நிலத்துல உழைச்சவ தான், ஆனா கல்யாணச் சான்றிதழ் இல்லாததால பத்திரத்துல அவ பேர் இல்ல. ரெண்டாந்தாரமா இருந்தவங்க நிலைமையும் அது தான்.

அதனால என் அபிப்ராயம் இது: புருஷன் வழியா வர்ற நிலத்துக்கு கூட்டுப் பட்டா கேளுங்க, கூடவே கல்யாணத்த பதிவு பண்ணி வெச்சுக்கோங்க. அப்பா அம்மா வழியா வர்றது தனியா உங்க பேர்லயே இருக்கட்டும், அதுல யாரையும் சேர்க்க வேணாம். கல்யாணம் முறிஞ்சாலும் மகள்ங்கற உறவு முறியாது.

குழுவுல இத ஒரு நாள் பேசிப் பாருங்க: 1998ல உகாண்டா பாராளுமன்றத்துல நிலச் சட்டம் வந்தப்ப, குடும்ப நிலம் கணவன் மனைவி ரெண்டு பேருக்கும் சொந்தம்னு ஒரு பிரிவ மிரியா மாட்டெம்பேன்னு ஒரு உறுப்பினர் முன்மொழிஞ்சாங்க. சபைல அது நிறைவேறிருச்சுன்னு பெண்கள் அமைப்புகள் சந்தோஷமா வீட்டுக்குப் போனாங்க. அச்சாகி வந்த சட்டத்துல அந்தப் பிரிவே இல்ல. விக்கறதுக்கு மனைவி சம்மதம் வேணுங்கறது மட்டும் தான் இருந்துச்சு. இன்னிக்கும் அங்க அத தொலைஞ்சு போன பிரிவுன்னு தான் சொல்றாங்க. சபைல கை தூக்கினாங்கன்னு நிம்மதியா இருந்துடாம, அச்சுல வந்தத ஒரு தடவ படிச்சுப் பாக்கணும், உங்க வீட்டுப் பத்திரத்துக்கும் இது பொருந்தும்.

கேள்வி: பொண்ணுக்கு நகை போட்டு, செலவு பண்ணி கல்யாணம் செஞ்சு வெச்சாச்சு. அதுக்கு மேல நிலத்துலயும் பங்குன்னா பையன் என்ன பண்ணுவான்?

பதில்: ஐயா, நகை அடகு கடைக்குப் போகும், கல்யாணச் செலவு பந்தல் பிரிச்ச அன்னிக்கே போயிடும். நிலம் வருஷா வருஷம் குடுக்கும். ரெண்டையும் ஒரே தட்டுல வெக்க முடியாது. சட்டமும் தெளிவா இருக்கு, இந்தியால 2005 செப்டம்பர் 9லேர்ந்து இந்து கூட்டுக் குடும்பச் சொத்துல மகளும் மகன் மாதிரியே பிறப்பால பங்காளி, தமிழ்நாட்டுல 1989லயே திருத்தம் வந்துருச்சு. அந்தத் தேதில அப்பா உயிரோட இருந்திருக்கணுமாங்கற குழப்பத்தையும் 2020 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் தீர்த்துடுச்சு, இருக்கணும்னு அவசியம் இல்ல. 2005 திருத்தத்துல இன்னொரு நல்லதும் நடந்துச்சு, அதுவரைக்கும் சில மாநிலங்கள்ல விவசாய நிலத்துக்கு மட்டும் தனிச் சட்டம்னு சொல்லி பெண்கள ஒதுக்கி வெச்சிருந்த விதிவிலக்க எடுத்தாங்க.

பையன் என்ன பண்ணுவான்னு கேட்டீங்க. பங்கு பிரிஞ்ச நிலத்தையும் அவனே உழலாம், அக்காவுக்கு குத்தகை குடுத்துட்டு. நிலம் எங்கயும் போகல, கேக்கறதுக்கு ஒரு ஆள் கூடிருக்கு அவ்வளவு தான்.

கேள்வி: எங்க மார்க்கத்துல பெண்ணுக்கு பங்கு உண்டுன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா விவசாய நிலத்துல அது கெடையாதுன்னு பெரியப்பா சொல்றாரு. உண்மையா?

பதில்: பெரியப்பா சொல்றதுக்கு ஒரு பழைய காரணம் இருக்கும்மா. 1937ல வந்த ஷரியத் சட்டத்துல விவசாய நிலத்த விட்டுட்டாங்க, அதனால பல மாகாணங்கள்ல பெண்கள் வயல்ல பங்கு கேக்க முடியாம போச்சு. ஆனா சென்னை மாகாணத்துல 1949லயே திருத்தி விவசாய நிலத்தையும் சேர்த்துட்டாங்க. மகனுக்கு ரெண்டு பங்குன்னா மகளுக்கு ஒண்ணு, பிள்ளைங்க இருந்தா மனைவிக்கு எட்டுல ஒரு பங்கு. மரியாதையா பெரியப்பா கிட்ட இந்த வருஷத்த சொல்லிப் பாருங்க.

கேள்வி: எங்க பக்கம் புதுசா பாசனத் திட்டம் வருது, மேட்டு நிலமெல்லாம் நஞ்சை ஆகப் போகுதுன்னு சொல்றாங்க. இதுல பெண்கள் ஜாக்கிரதையா இருக்க வேண்டியது ஏதாவது இருக்கா?

பதில்: இருக்கு, நிறையவே இருக்கு. எவ்வளவு நல்ல நேரத்துல கேட்டிருக்கீங்க, திட்டம் முடிஞ்சப்புறம் கேட்டிருந்தா பிரயோஜனம் இருந்திருக்காது.

காம்பியான்னு மேற்கு ஆப்பிரிக்கால சின்ன நாடு. அங்க மாண்டிங்கா மக்கள்ல ஆம்பளைங்க மேட்டுல நிலக்கடலை போடுவாங்க, பெண்கள் ஆத்தோர சதுப்புல நெல்லு போடுவாங்க. நிலத்துல ரெண்டு வகை உண்டு. மாருவோன்னா குடும்பத்துக்குப் பொது, எல்லாரும் உழைக்கணும், விளைஞ்சது குடும்பத் தலைவர் கைல. கமன்யாங்கோன்னா தனி ஆளோடது, விளைஞ்சது அவங்களுக்கே. பெண்கள் தானே காடழிச்சு திருத்தின நெல் வயல் பலது கமன்யாங்கோ. 1984ல ஜஹாலி பச்சார்னு ஒரு பெரிய பாசனத் திட்டம் வந்துச்சு, பம்பு வெச்சு வருஷத்துல ரெண்டு போகம். பணம் குடுத்தவங்க, நெல்லு பெண்களோட பயிர், அதனால வயல் துண்டு பெண்கள் பேர்ல தான் பதியணும்னு நிபந்தனை போட்டாங்க, பதிஞ்சாங்க. ஆனா ஊருக்குள்ள என்ன ஆச்சுன்னா, அந்த வயலெல்லாம் மாருவோன்னு பேர் மாத்திட்டாங்க. ஒரே வார்த்தை தான் மாறுச்சு. வார்த்தை மாறினதும் உழைப்பு கடமையாச்சு, வெளைச்சல் வீட்டுப் பெரியவர் கைக்குப் போச்சு, முன்னாடி ஒரு போகம் தனக்காக உழைச்சவ இப்ப ரெண்டு போகம் அடுத்தவருக்காக உழைச்சா. பெண்கள் சும்மா இருக்கல, சிலர் வேலைக்கு வர மறுத்தாங்க, சிலர் கூலி கேட்டாங்க. ஜூடித் கார்னிங்கற புவியியல் ஆய்வாளர் இத கூடவே இருந்து பாத்து எழுதிருக்காங்க. எனக்கு இந்த சம்பவத்த நினைச்சா இப்பவும் கோபம் வரும், ஏன்னா இங்க சட்டத்துல குறை இல்ல, பதிவுல குறை இல்ல, வெறும் பேச்சுல பறிச்சுட்டாங்க.

அதனால உங்க பக்கம் திட்ட அதிகாரிங்க வர்றப்ப பெண்கள் கும்பலா போங்க. இப்ப யார் எந்தத் துண்டுல பயிர் வெச்சிருக்காங்கன்னு திட்டம் வர்றதுக்கு முன்னாடியே எழுதி வாங்குங்க. மேய்ச்சலுக்கு, விறகுக்கு, கீரை பறிக்க போற இடங்களையும் எழுதச் சொல்லுங்க, அதுக்கு பட்டா இருக்காது, ஆனா அது தான் முதல்ல காணாம போகும். தண்ணீர் பாசன சங்கத்துல உறுப்பினர் யாருன்னு பாருங்க, நிலம் யார் பேர்லயோ அவருக்குத் தான் ஓட்டுன்னா தண்ணியும் கை விட்டுப் போயிடும்.

நிலம் எடுத்துக்கிட்டு காசா குடுத்தாங்கன்னா அப்பவும் விழிப்பா இருங்க. மொராக்கோல கூட்டு நிலங்கள வித்தப்ப இழப்பீட்ட ஆம்பளைங்களுக்கு மட்டும் குடுத்தாங்க. அந்த இனக்குழுப் பெண்கள், சுலாலியாத்துன்னு சொல்லுவாங்க, 2007 வாக்குல தெருவுக்கு வந்தாங்க, நாங்களும் இந்த மண்ணு பிள்ளைங்க தானேன்னு. 2019ல ஆண் பெண் ரெண்டு பேருக்கும் உரிமைன்னு சட்டத்துல எழுத வெச்சாங்க. 12 வருஷம் ஆச்சு.

கேள்வி: பெண் பேர்ல பதிஞ்சா கட்டணம் கம்மின்னு சொல்ற திட்டங்களால நிஜமா பலன் உண்டா?

பதில்: உண்டு, பாதி. நேபாளத்துல 2006 வாக்குலேர்ந்து பெண் பேர்ல பதிஞ்சா பதிவுக் கட்டணத்துல தள்ளுபடி குடுத்தாங்க, பெண் பேர்ல சொத்து இருக்கற வீடுகள் 2001 கணக்கெடுப்புல சுமார் 11 சதவீதம், 2011ல சுமார் 20 சதவீதம். பேர் ஏறுச்சு. ஆனா தள்ளுபடிக்காக மட்டும் பேர் போட்டுட்டு பத்திரத்த புருஷன் பீரோவுல பூட்டி வெக்கறதும் நடக்குது. இருந்தாலும் நான் இத வரவேற்கறேன், ஏன்னா அவ கையெழுத்து இல்லாம விக்க முடியாது, அந்த ஒரு தடை போதும் நிறைய குடும்பத்த காப்பாத்த.

கேள்வி: எனக்கு 19 வயசு, காலேஜ் படிக்கறேன். எங்க அப்பா நல்லவர் தான், ஆனா நிலம் பத்தி என் கிட்ட பேசினதே இல்ல, தம்பிய மட்டும் வயலுக்கு கூட்டிட்டுப் போவாரு. நேரா போய் பங்கு குடுன்னு கேக்க எனக்கு வாய் வரல. எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

பதில்: செல்லம், பங்கு கேக்க வேணாம் இப்போ. தெரிஞ்சுக்கணும்னு கேளு. நம்ம நிலம் எத்தனை துண்டு, ஒவ்வொண்ணும் எந்த சர்வே நம்பர், பத்திரம் யார் பேர்ல இருக்கு, தாத்தா பேர்லேர்ந்து மாத்தினாங்களா இல்லையா, மேல லோன் ஏதாவது இருக்கா, கிணத்துல யாருக்கு எத்தனை பங்கு. இத எல்லாம் ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்கோ. எந்த அப்பாவும் பொண்ணு ஆர்வமா கேட்டா கோபப்பட மாட்டாரு, அநேகமா சந்தோஷப்படுவாரு. புருஷனோ அப்பாவோ திடீர்னு போனப்புறம் எத்தனையோ பெண்கள் நிலத்த இழக்கறது உரிமை இல்லாததால இல்லம்மா, எது தன்னோட நிலம்னு காட்டத் தெரியாததால. அம்மாவையும் பக்கத்துல உக்கார வெச்சுக்கோ, அவங்களுக்கும் இதெல்லாம் சொல்லிருப்பாங்களான்னு எனக்கு சந்தேகம் தான்.

ருவாண்டால நிலத்த பதிஞ்சப்ப எப்படி செஞ்சாங்க தெரியுமா, அந்த ஊர்லயே சில பேருக்கு பயிற்சி குடுத்து, மேலேர்ந்து எடுத்த போட்டோ படத்த கைல வெச்சுக்கிட்டு, சொந்தக்காரங்களும் பக்கத்து நிலத்துக்காரங்களும் சேர்ந்து எல்லைய நடந்து பாத்து, எல்லார் முன்னாடியும் கோடு போட்டாங்க. நீயும் அடுத்த லீவுல அப்பா தம்பி கூட கிளம்பு, நாலு மூலையும் நடந்து பாரு, எல்லைக்கல் எங்க இருக்கு, பக்கத்து நிலம் யாருது, அவங்க உன்ன பாத்து "யாரு இது, உங்க பொண்ணா"ன்னு கேக்கட்டும், அப்பா வாயால ஆமான்னு சொல்லட்டும்.